மொத்தமாகப் படம் திருத்தும்போது மூலப்படங்கள் பறிபோகும் இடங்கள்

மூலப்படத்தின் மேலேயே சேவ் ஆகிவிட்ட படத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம். அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் கிடக்கும். மேலெழுதப்பட்ட கோப்பு அங்கேயும் போகாது. 6000 பிக்சல் அகலப் படங்கள் நிறைந்த ஃபோல்டர் முழுவதும் 1200 பிக்சலாகச் சுருங்கிப்போன பிறகுதான் பலர் இதை உணர்கிறார்கள்.

விபத்து நடக்கும் இடங்கள் சிலவே. ஃபோட்டோஷாப்பில் பல படங்களை ஒரே தடவையில் திருத்தும் பேட்ச் சன்னலில், முடிவு எங்கே போகவேண்டும் என்ற இடத்தில் ‘சேவ் அண்ட் குளோஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். எப்போதும் ‘ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வேறொரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். அடுத்தது, செய்த படிகளை வரிசையாக நினைவில் வைத்துத் திரும்ப ஓட்டும் ஆக்‌ஷனைப் பதிவு செய்யும்போது ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் கோப்பின் பெயரைக் கையால் தட்டச்சு செய்வது. அந்தப் பெயரும் ஆக்‌ஷனில் பதிந்துவிடும்; 500 படங்களும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியில் ஒரு படம்தான் மிஞ்சும். ‘ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் ஆஸ் கமாண்ட்ஸ்’ பெட்டியை டிக் செய்தால் இது நடக்காது. ஆனால் ஆக்‌ஷனுக்குள் ‘சேவ் ஆஸ்’ படி ஒன்று இருந்தாக வேண்டும். அது இல்லாமல் டிக் மட்டும் செய்தால் எதுவுமே சேவ் ஆகாது. அளவு குறைத்து ஜேபெக் ஆக்குவது மட்டும்தான் வேலை என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம். ‘ஸ்கிரிப்ட்ஸ்’ மெனுவில் உள்ள ‘இமேஜ் ப்ராசஸர்’ போதும். அது முடிவுகளைத் தனி ஃபோல்டரில் போடும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து படம் திருத்தும் மென்பொருளான இமேஜ்மேஜிக்கைப் பயன்படுத்துவோர் ‘மோக்ரிஃபை’ கட்டளையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாத் என்ற விருப்பத்தில் வேறு ஃபோல்டரைக் கொடுக்காவிட்டால், கேள்வியே கேட்காமல் மூலத்தை மாற்றிவிடும். எந்த மென்பொருளாக இருந்தாலும், தொடங்கும் முன் மூல ஃபோல்டரை இன்னொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். வேலை முடியும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை மூலத்தைத் தொடுவதில்லை. திருத்தங்களைத் தனியாகக் குறித்துவைத்து, ஏற்றுமதியின்போதுதான் புதுக்கோப்பில் பூசுகின்றன. ரா படங்களுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்புகள்) இவற்றையே பரிந்துரைப்போம். இங்கே மூலம் தப்பிக்கும், உழைப்புதான் வீணாகும். லைட்ரூமில் ‘ஆட்டோ சிங்க்’ இயங்கிக்கொண்டிருக்கும்போது 80 படங்கள் தேர்வில் இருந்தால், ஒரு படத்தை கிராப் செய்வதாக நினைத்து 80 படங்களையும் வெட்டிவிடுவீர்கள். சாதாரண ‘சிங்க்’ பாதுகாப்பானது. எதை நகலெடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அதில் கிராப், புள்ளி நீக்கம், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமான திருத்தம்) மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு படத்தில் மூக்கின்மேல் இருந்த பருவை நீக்கிய அதே இடத்தில், அடுத்த படத்தில் யாருடைய கண்ணோ இருக்கலாம்.

எதைப் பொதுவாகப் பூசலாம், எதைக் கூடாது என்பதில்தான் அனுபவம் தெரியும். படங்களை நேர வரிசைப்படி அல்ல, ஒளியின்படி பிரியுங்கள்: சன்னலோரம், மேடை விளக்கு, வெளிவெயில், ஃப்ளாஷ். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ஒரு குழுவுக்குள் மட்டும் நகலெடுங்கள். கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்திருந்தால், ‘ஆஸ் ஷாட்’ (கேமரா பதிந்தபடி) நிலையிலேயே சிங்க் செய்வதால் பயனில்லை. ஒவ்வொரு படமும் தனக்குரிய பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும். முதலில் மாதிரிப் படத்தில் கெல்வின் எண்ணை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நீங்களே அமைத்து, பிறகு நகலெடுங்கள். ரா படத்தில் அமைத்த கெல்வின் எண் ஜேபெக்குக்குப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே அது கேமரா முடிவு செய்த நிறத்திலிருந்து கூட்டல் கழித்தலாக மட்டுமே இயங்கும்.

மேனுவலில் ஒரே அமைப்பில் எடுத்த படங்களுக்குத்தான் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) அப்படியே நகலெடுக்கலாம். ஷட்டரோ ஐஎஸ்ஓவோ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) மாறியிருந்தால் லைட்ரூமின் ‘மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்’ அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்யும். நாய்ஸ் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள்) குறைப்பு ஐஎஸ்ஓவைப் பொறுத்தது. 6400இல் எடுத்த படத்துக்குத் தந்த அளவை 200இல் எடுத்ததற்கும் தந்தால் தோல் மெழுகுபோல ஆகிவிடும்.

ஏற்றுமதியில் அகலத்தை மட்டும் 2000 என்று கொடுத்தால் செங்குத்துப் படங்கள் 3000 பிக்சல் உயரத்துக்கு வந்து நிற்கும். நீளமான பக்கத்துக்கு அளவு கொடுங்கள். ‘டோன்ட் என்லார்ஜ்’ டிக்கும் இருக்கட்டும். 6x4 அங்குல அச்சுக்கு 300 டிபிஐயில் 1800x1200 பிக்சல் வேண்டும். ஷார்ப்பன் செய்வது அளவைக் குறைத்த பிறகே. அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் உள்ள படங்களை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், நிறவெளியைக் குறிக்கும் ப்ரொஃபைலை மட்டும் நீக்கினால் நிறம் வெளிறிவிடும். திசைக்குறிப்பும் அப்படித்தான்: படத்தை நிஜமாகத் திருப்பாமல் எக்ஸிஃப் (கோப்புக்குள் கேமரா பதியும் குறிப்புகள்) தகவலைத் துடைத்தால் செங்குத்துப் படங்கள் படுத்துவிடும். முதலில் திருப்புங்கள், பிறகு துடையுங்கள். வீட்டில் எடுத்த படங்களைப் பொதுவில் போடுவதானால் ஜிபிஎஸ் குறிப்பைக் கட்டாயம் துடைத்துவிடுங்கள்.

பெயர் மாற்றும்போது 0001 என நான்கு இலக்கம் வையுங்கள். இல்லையென்றால் பல மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். இரண்டு கேமராப் படங்களைச் சேர்ப்பதானால் முதலில் கடிகார வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள்.

முழு ஃபோல்டரையும் ஓட்டும் முன் பத்துப் படங்களில் சோதியுங்கள். அழகான பத்து வேண்டாம்: மிக இருண்டது, மிக வெளுத்தது, செங்குத்தானது, ஏற்கெனவே சிறியது, வேறு கேமராவில் எடுத்தது எனத் தொல்லை தரக்கூடியவற்றை எடுங்கள். ஓட்டி முடித்ததும் உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கோப்பளவின்படி வரிசைப்படுத்தி, மிகச் சிறியதாகத் தெரிபவற்றைத் திறந்து பாருங்கள். பாதியில் அறுந்த கோப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.