கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஊற்றாதீர்கள்

உதகையில் உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் என் பட்டறைக்கு விடியற்காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கொண்ட பழைய கார்களைப் பற்றியவைதான். சென்ற வாரம் அழைத்தவரோ ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, பாட்டிலிலிருந்து கார்புரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே மகனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லியிருக்கிறார். தீ மேலெழுந்து வந்து புருவத்தையும் முன்கை முடியையும் கருக்கியது. இந்தக் குளிர்காலத்தில் இது எனக்கு மூன்றாவது.

"பெட்ரோல் வரவில்லை, அதனால் ஊற்றினேன்" என்று மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எரிவது பெட்ரோல் அல்ல, காற்றோடு கலந்த அதன் ஆவி என்பதை எத்தனை முறை சொல்வது? குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் உட்பாதையின் சுவரிலேயே திவலைகளாக ஒட்டிக்கொள்வதால், நொடியின் சிறு பகுதிக்குள் போதிய அளவு ஆவியாவதில்லை. அதை ஈடுகட்டத்தான் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் பெட்ரோல், தீப்பொறி தரும் பிளக்கை நனைக்கும், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவும், அவ்வளவுதான். வெளியே சிந்திய பெட்ரோலுக்கோ ஆவியாவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரியிலும் அது பற்றிக்கொள்ளும் ஆவியை விடும். உள்வால்வு முழுவதும் மூடாத நேரத்தில் உள்ளே பற்றினால் தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி, குனிந்திருக்கும் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

பல நாள் நிறுத்திவைத்த காரில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறையான ஃப்ளோட் சேம்பர், பெட்ரோல் ஆவியாகிக் காலியாகியிருக்கலாம் என்பது உண்மைதான். பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் சுழன்றால்தான் இழுக்கும் என்பதால், ஐந்து நொடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடித்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் அடித்தாலே சேம்பர் நிறைந்துவிடும். ஒரே இரவில் இந்தத் தொல்லை வருகிறதென்றால் டாங்க்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் டியூபைப் பாருங்கள். வெடித்த டியூப் பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும்.

சோக்கை முழுவதும் இழுத்த பிறகு ஆக்ஸிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் பிளக் நனைந்துவிட்டது என்று பொருள். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒரே முறை இறுதிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். அதற்கும் எழவில்லை என்றால் பிளக், பிளக்குக்குத் தீப்பொறி நேரத்தில் கிடைக்கச் செய்யும் பாயின்ட், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது, கெட்டியான ஆயிலோ எஞ்சினைச் சுழலவிடாமல் பிடிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து நிற்கும் காருக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவோரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்காக ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றாதீர்கள். சோக் இழுத்த எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் கதவை முழுவதும் திறந்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள்.