அப்பாவின் முகத்தை ஏன் வெளுக்க வேண்டும்?

"கொஞ்சம் நிறமாகப் போட்டுவிடுங்கள் மாஸ்டர்." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உருவப்படம் வரைந்து கொடுத்து, வார இறுதியில் வகுப்பும் எடுக்கும் நான் அதிகம் கேட்கும் வேண்டுகோள் இதுதான். 16ஆம் நாள் காரியத்துக்கு அப்பாவின் படம் கேட்டு வருகிறவர்கள்கூட இதைச் சொல்லத் தவறுவதில்லை. ஆயுள் முழுக்க அவரைக் கறுத்த நிறத்தில்தான் பார்த்தார்கள்; சுவரில் மாட்ட மட்டும் வேறொருவர் வேண்டுமாம்!

அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் கண், மூக்கு, உதட்டைக் கோடாக இழுத்துவிட்டு, கன்னத்தை வெறும் தாளாக விட்டுவிடுகிறார்கள். எவர் முகமும் வெளுத்துத்தான் போகும். கருமை கூட்டினால் படம் அழுக்காகிவிடும் என்ற பயம் அது. துணிந்த சிலர் மிகக் கருமையாக எழுதும் 8பி பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அங்கே பொருளின் குணமே குறுக்கே நிற்கிறது. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். அழுத்த அழுத்தத் தாளின் நுண்குழிகள் அடைபட்டு மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். விளக்கடியில் பார்த்தால், இருட்டாக இருக்க வேண்டிய தாடையின் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில் பளபளக்கும். கரி மினுங்காது, ஒளியை விழுங்கிக்கொள்ளும். கறுத்த முகத்துக்கு என் தேர்வு எப்போதும் கரிதான்.

மரக்குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்த மென்கரி, துணியால் தட்டினாலே உதிர்ந்துவிடும்; முதல் வடிவத்தை அதில் போடுங்கள். பசை சேர்த்து இறுக்கிய கரி லேசில் அழியாது. கண்மணி, நாசித்துளை, காதின் பின்புறம் ஆகியவற்றுக்குக் கடைசியில் அதைத் தொட்டால் போதும். பென்சிலால் அழுத்தி வரைந்த இடத்தின் மேல் கரி வழுக்கும், பிடிக்காது. விரலால் தேய்ப்பதும் வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் விரலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் எந்நேரமும் உண்டு. பட்ட இடம் திட்டாகிவிட்டால் ரப்பருக்கும் அசையாது.

கறுத்த தோலில் மினுக்கம் தனித்துத் தெரியும், சுற்றியுள்ள நிறம் அடர்த்தியாக இருப்பதால். அதனால் முகம் முழுவதற்கும் முதலில் நடுத்தரக் கருமை பூசிவிட்டு, பிசைந்து உருட்டக்கூடிய ரப்பரால் நெற்றி மேட்டையும் மூக்குத் தண்டையும் கன்ன எலும்பையும் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். பலர் சறுக்கும் இடம் விழிவெண்மை. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. அதற்கும் கொஞ்சம் கருமை வேண்டும். அதைத் தூய வெள்ளையாக விட்டால் மனிதர் திடுக்கிட்டு விழிப்பதுபோல் ஆகிவிடும். நெற்றியில் திருநீறு இருந்தால் தாளின் முழு வெள்ளையை அதற்கும், கண்மணியில் ஒளிரும் புள்ளிக்கும் ஒதுக்கி வையுங்கள். மற்ற எல்லாமே அதற்கு ஒரு படி கீழேதான்.

மாதிரிப் படத்திலும் கவனம் தேவை. அடையாள அட்டைப் படத்தில் முகம் தட்டையாக இருக்கும், நிழலைத் தேட வேண்டியிருக்கும். கைப்பேசிகள் பல, கேட்காமலே தோலை வழவழப்பாக்கி வெளுத்துவிடுகின்றன. கையை நீட்டி எடுத்த தற்படமோ மூக்கையே பெரிதாக்கும்: 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். வீட்டில் உள்ளவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஐந்தாறு அடி தள்ளி அமர்ந்து வரைவது இதைவிட நல்ல பயிற்சி. பாட்டிமார் பொறுமையாக உட்காருவார்கள், பேச்சை மட்டும் நிறுத்தமாட்டார்கள்.

கரித்தூளை வாயால் ஊதாதீர்கள், அது திரும்ப உங்கள் மூக்குக்குள்தான் வரும். பலகையைச் சாய்த்துத் தட்டிவிடுங்கள். கரியை நிலைநிறுத்தும் தெளிப்பானை அடைத்த அறையில் அடிக்கக் கூடாது, அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய தாளில் இங்கே பூஞ்சை சீக்கிரம் ஏறிவிடும்.