சுத்திகரிப்பு நிலையத்தின் திறனைக் கிலோவில் கேளுங்கள்

தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "சி.ஓ.டி. 92 சதவீதம் குறைகிறது" என்பார்கள். சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு. அடுத்த கேள்வி, ஓட்ட அளவு என்ன?

நாளொன்றுக்கு 500 கன மீட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 2,000 மி.கி. சி.ஓ.டி.யோடு உள்ளே வருகிறது. மொத்தம் 1,000 கிலோ. வெளியேறும் நீரில் 250 மி.கி. இருந்தால் 125 கிலோ போகிறது, திறன் 87.5 சதவீதம். கடைசித் தொட்டியில் 300 கன மீட்டர் குளிர்விப்பு நீரைச் சேர்த்துவிட்டால் அதே 125 கிலோ 156 மி.கி.யாகத் தெரியும், திறனும் 92 ஆகிவிடும். நுண்ணுயிர்கள் கூடுதலாக எதையும் தின்றுவிடவில்லை.

மாதிரி எடுப்பதிலும் இதே ஏமாற்றம் உண்டு. நீர் உள்ளே தங்கும் காலம் இரண்டு நாள் என்றால், ஒரே நேரத்தில் இரு முனையிலும் பிடித்த பாட்டில்களுக்குள் தொடர்பே இல்லை. 24 மணி நேரமும் மணிக்கொரு முறை ஓட்டத்துக்கேற்ற அளவில் எடுத்துக் கலக்க வேண்டும். வெளிமுனை மாதிரியைத் தங்கும் காலம் கழித்துத் தொடங்க வேண்டும். மாதிரிகளை 4 டிகிரி செல்சியஸில் வைக்கவும். சி.ஓ.டி. மாதிரியில் பி.எச். 2-க்குக் கீழே வரும்வரை கந்தக அமிலம் சேர்க்கலாம், பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மாதிரியில் சேர்க்கவே கூடாது. எண்ணெய், கிரீஸுக்குக் கலவை மாதிரி உதவாது. பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தனிக் கண்ணாடி பாட்டிலில் நேரடியாகப் பிடியுங்கள்.

பிறகு ஒவ்வொரு தொட்டியாகப் பாருங்கள். உள்ளே வரும் நீரின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் தொட்டியில் கலக்கும் இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தால், பின்னால் உள்ள எதையும் குறை சொல்லிப் பயனில்லை. நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 2 மி.கி. வேண்டும். அங்கிருந்து ஒரு லிட்டர் எடுத்து, அளவு உருளையில் 30 நிமிடம் அசையாமல் வைத்தால் நுண்ணுயிர்கள் திரண்ட சேறு 300 மி.லி.யில் நிற்கிறது, எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருள்) லிட்டருக்கு 3,000 மி.கி. என்றால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் சேறு படிந்தபின் பிடிக்கும் இடம், மி.லி.யில்) 100, நல்லது. 150-ஐத் தாண்டினால் சேற்றைப் படியவிடாத, இழைபோல் வளரும் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கலாம். ஆக்சிஜன் பற்றாக்குறையையும், பி.ஓ.டி., நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை 100:5:1 என்ற விகிதத்தில் கிடைக்கின்றனவா என்பதையும் முதலில் சோதியுங்கள். சேறு சட்டென்று படிந்தும் மேல்நீர் கலங்கலாக இருந்தால் காரணம் வேறு: சேறு முதிர்ந்திருக்கும், இல்லையேல் நச்சுப்பொருள் உள்ளே வந்திருக்கும்.

பலரும் தொடாத பதிவேடு சேற்றுடையது. ஒரு கிலோ பி.ஓ.டி. நீங்கினால் தோராயமாக 0.3 முதல் 0.5 கிலோ உலர்சேறு உருவாகும். நாளொன்றுக்கு 400 கிலோ நீங்குகிறது என்று அறிக்கை சொல்லி, வெளியேற்றிய உலர்சேறு மாதக்கணக்கில் நாளுக்கு 20 கிலோதான் என்று பதிவேடு சொன்னால், மிச்சம் வெளியேறும் நீரோடு போகிறது. அது இரவில் போகிறதா என்று அறிய இரவு நேர மாதிரியை எடுத்துப் பாருங்கள்.