ஸ்டாக்கிங்: தமிழில் பின்தொடர் தொல்லை

ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் பின்னால் போவது, திரும்பத் திரும்பப் பேச முயல்வது, அவளுடைய போனையும் இணையக் கணக்குகளையும் நோட்டம் விடுவது. இதுதான் ஸ்டாக்கிங்.

வட சென்னையில் இந்த ஆங்கிலச் சொல் காலேஜ் விழிப்புணர்வுக் கூட்டத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை. மின்ட் பஸ் ஸ்டாண்டிலும் தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலிலும் காதில் விழுவது "பின்னாலயே வரான்", "சுத்துறான்", "ரூட் வுடுறான்". அதே விஷயம் பேப்பரில் வந்தால் "ஒருதலைக் காதல்". "பின்னாலயே வரான்" என்பது பயந்தவள் வாயில் வரும் சொல். மற்றதெல்லாம் அவன் பக்கத்துக் கதை.

ஸ்டாக் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பதுங்கிப் பதுங்கி நடப்பது என்று பொருள். திருடுவதைச் சொல்லும் ஸ்டீல் என்ற சொல்லுக்கு அது உறவு. பிறகு வேட்டைக்காரன் மானுக்குத் தெரியாமல் நெருங்குவதைக் குறித்தது. ஆளைத் தொடரும் குற்றம் என்ற பொருள் சட்டத்தில் ஏறியது வெகு சமீபத்தில்தான். 1989-ல் அமெரிக்காவில் ஒரு நடிகையை விடாமல் தொடர்ந்த ரசிகர் அவரைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டே கலிபோர்னியா இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. நம் நாட்டில் 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. மத்தியச் சட்டப்படி முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. தண்டனையைக் கூட்ட தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது.

ஒருதலைக் காதல் நம் மரபிலேயே உண்டே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்டுதான். தொல்காப்பியம் அதற்குக் கைக்கிளை என்று பெயர் வைத்து, "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்" என்கிறது. பதில் வராத இடத்தில் தானே பேசித் தானே மகிழ்கிறான். அதையே இலக்கணம், இருவரும் மனமொத்த காதலைச் சொல்லும் அன்பின் ஐந்திணைக்குள் விடவில்லை, வெளியே நிறுத்தியது. பஸ்ஸில் பின்னால் ஏறுவதற்கும் வீட்டு வாசலில் நிற்பதற்கும் அந்தப் பெயரை இரவல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அகராதிகளில் இருக்கும் பின்தொடர்தல் தனியாக நின்றால் போதாது. இன்ஸ்டாகிராமில் ஃபாலோ பண்ணுபவர்களையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். வேவு பார்த்தல் போன் சங்கதிக்கு மட்டும் பொருந்தும். பின்தொடர் தொல்லை என்றால் நடந்ததும் விளங்கும், அது வேண்டாததென்பதும் விளங்கும். பாலியல் தொல்லை என்ற சொல் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதுவும் நாக்கில் ஒட்டும்.

கல்லூரியில் இதை எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்பது எவ்வளவு முக்கியமென்று வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மாணவி எழுதிய கடிதத்தில் பார்த்தேன். "சீனியர் ஒருவர் என்னை ஒருதலையாகக் காதலித்துத் தொந்தரவு செய்கிறார்" என்று ஆரம்பித்திருந்தாள். இதைப் படிக்கும் பேராசிரியர் முதலில் காதலைத்தான் விசாரிப்பார். "இல்லக்கா, நான் வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன்க்கா" என்றாள். சரி, அதையே எழுது என்றேன். அப்புறம் கடிதம் இப்படி மாறியது: "மின்ட் பஸ் ஸ்டாண்டில் வைத்து, எனக்கு விருப்பமில்லை, பின்னால் வராதீர்கள் என்று சொன்னேன். அதன் பிறகும் கல்லூரி கேட் வரை வருகிறார். பிளாக் செய்தேன், வேறு ஐடியிலிருந்து மெசேஜ் வருகிறது." ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டாள், ஸ்கிரீன்ஷாட் இணைத்தாள். மறுத்த பிறகும் தொடர்ந்தான் என்பதுதான் சட்டம் கேட்கும் விஷயம். காதலா இல்லையா என்று அது கேட்பதில்லை.

கடிதம் போகவேண்டிய இடம், பாலியல் தொல்லைப் புகார்களைக் கல்லூரிக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைப்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அது இருக்கவேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றவர்கள் அதில் உட்காரக்கூடாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள், தொடர் சம்பவமென்றால் கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடியவேண்டும். அதுவரை அவனை விலகி இருக்கச் சொல்லவும், அவளுக்கு விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். பெயர் வெளியே போகக்கூடாது. தொல்லை தருபவன் வெளியாள், ஆனால் வளாகத்துக்குள் வருகிறான் என்றாலும் கல்லூரி கையைக் கழுவ முடியாது, உதவியாகவேண்டும்.

"பேசித் தீர்த்துக்கலாம்மா, அவன் படிப்பு கெட்டுடும்" என்ற சொல் எந்த ஊரிலும் வரும். அவள் படிப்பைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒன்றுமில்லை. சமரசத்தைக் கேட்கும் உரிமை புகார் தந்தவளுக்கு மட்டும்தான் உண்டு, அதிலும் பணம் பேசக்கூடாது.

குழுவிடம் கொடுத்தால் போலீசுக்குப் போகக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர எண் 112-க்கு அன்றைக்கே பேசலாம். குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.