மூக்கில் கீறல் விழுந்த இரண்டு அகஸ்டஸ் காசுகள்

நாணய மதிப்பீட்டாளனாக என் மேசைக்கு அதிகம் வந்து சேரும் ரோமானிய வெள்ளிக் காசு, பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்ட தெனாரியஸ்தான். அண்மையில் ஒருவர் அவ்வகைக் காசுகள் இரண்டைக் கொண்டுவந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் அகஸ்டசின் மூக்கில் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் கீறல் இருந்தது. தனித்தனியே கைமாறித் தேய்ந்த இரு காசுகளுக்கு ஒரே தழும்பு வாய்க்காது. ஏதோ ஒரு காசிலிருந்து அச்செடுத்து உருக்கி வார்க்கப்பட்டவை அவை.

இக்காசின் பின்புறத்தில் நிற்கும் இரு இளைஞர்கள், மகள் ஜூலியாவின் பிள்ளைகளாகப் பிறந்து அகஸ்டசால் வாரிசுகளாகத் தத்தெடுக்கப்பட்ட காயஸும் லூசியஸும் ஆவர். அவர்களுக்கு நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மேலே, காயஸின் குருப்பதவியைக் குறிக்கும் சடங்குக் கரண்டியும், நிமித்தம் பார்க்கும் லூசியஸின் வளைந்த கோலும் இருக்கும். முகப்பில் உள்ள ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் அகஸ்டசுக்குக் கி.மு. 2இல்தான் கிடைத்தது என்பதால், இக்காசு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. கி.பி. 2இல் லூசியஸும், கி.பி. 4இல் காயஸும் இறந்துபோனார்கள். வாரிசுகள் மறைந்த பிறகும் அவர்களை அறிவித்த காசு கடல் கடந்து புழங்கியது.

கோவை வட்டாரப் புதையல்களில் இதுவும், அகஸ்டசுக்கு அடுத்து வந்த பேரரசர் திபேரியஸின் தெனாரியஸும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்துவிட்டதால், பழைய காசுகளையே இங்குள்ள வணிகர்கள் விரும்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். இந்தியாவிலேயே அக்காலத்தில் இவற்றைப் பார்த்து அடித்த போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்துகள் குழம்பிக் கிடக்கும் என்பதால், எழுத்துப் பிழையை மட்டும் கண்டு ஒரு காசை இக்காலத்துப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. வார்ப்புக் காசை விளிம்பில் ஓடும் மெல்லிய இணைப்புக் கோடும், பரப்பில் தெரியும் ஊசிமுனைக் குழிகளும், மழுங்கிய எழுத்துகளுமே காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வந்தவரிடம், தோட்டத்தில் குழி வெட்டியபோது கிடைத்த காசுகள் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருந்திருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டிய காசுகளைத்தான் அவர் ரசீதில்லாமல் வாங்கியிருப்பார்.