நிலநடுக்கம், கடல்கோள் நிவாரணம்: கணக்கெடுப்பில் பெயர் விடுபடாமல் இருக்க

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த கடல்கோள், அதாவது சுனாமி, குமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களை அழித்தது. அப்படியொரு துயரத்தில் அரிசியும் துணியும் கொடுக்கப் பல கைகள் நீளும். விடுபட்ட பெயரை நிவாரணப் பட்டியலில் சேர்க்க வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் வரத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. 2022-26 காலத்திற்கான ஒன்றிய அரசின் நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், பகுதி சேதமடைந்த கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய். ஒக்கி புயலுக்குச் செய்ததுபோல மாநில அரசு தனி ஆணையிட்டுக் கூடுதலாகவும் தரலாம்.

பகுதி சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதை மதிப்பிட வருபவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நிலையில், சுவர் விரிசலை அவசரப்பட்டுப் பூசிவிட்டவருக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. ஆகவே விரிசலின் அருகே அளவுகோலையும் அன்றைய செய்தித்தாளையும் பிடித்துப் படம் எடுத்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் கடற்கரைப் புறம்போக்கில் தலைமுறையாக வாழ்பவர்களை அதிகம் வதைக்கிறது. பட்டா இல்லை என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றுடன் மனு கொடுத்து, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல மறுப்புகள் தாமாகவே இளகிவிடும்! வீடு முற்றிலும் இடிந்துபோன குடும்பத்திற்குத் துணிக்கு 2,500, பாத்திரத்திற்கு 2,500 ரூபாய் உண்டு. வாடகைக்கு இருந்தவர்களும் இதைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

இறப்புக்கான காரணத்தை உரிய அதிகாரி சான்றளித்தால்தான் 4 லட்சம் கிடைக்கும். துக்கத்தில் உடற்கூறாய்வு வேண்டாம் என்று அடக்கம் செய்துவிட்டால், பிறகு அந்தச் சான்றுக்காக ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டியிருக்கும். உடல் கிடைக்காதவருக்குக் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்குங்கள்.

இறந்தவருக்கான தொகையைக் கேட்கத் தேவையான வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது பெயரைக் கவனியுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் எழுத்துப் பிழையோடு மூன்றாவது என்றிருப்பது கடற்கரையில் சகஜம். அந்த ஒற்றெழுத்துக்காகவே கோப்பு மாதக்கணக்கில் உறங்கிவிடும்.

“போயிட்டு வாருங்க, பாக்கலாம்” என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டில்லாத மனுவை யாரும் தேடப்போவதில்லை. நிவாரண மனுப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பணம் கேட்கும் தரகரை அண்டவிடாதீர்கள். உதவ நினைக்கும் ஊர்க் கமிட்டியோ, கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவான அன்பியமோ, மனு எழுதத் தெரிந்த இரண்டு பேரை அமர்த்தி, யார் மனு எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவரலாம்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், உங்கள் வீட்டைப் பார்வையிட்ட அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.