சிவப்புக் கோட்டுக்கு ஆரஞ்சு எதற்கு?

1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியனை எதிர்த்து நின்ற ஆங்கிலேயக் காலாட்படை வீரனின் கோட்டுத் துணி உங்கள் கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிவப்பை இம்மியும் பிசகாமல் கலந்து, 28 மில்லிமீட்டர் பொம்மை வீரன் ஒருவனுக்குப் பூசுகிறீர்கள். மேசையில் வைத்தால் அவன் சோகை பிடித்தவன்போல மங்கித் தெரிவான். மேசைப் போர் விளையாட்டுக்காகப் படைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்களைத் தொடக்கத்தில் குழப்புவது இதுதான்: நிறம் சரி, தோற்றம் தவறு.

கொஞ்சம் கணக்குப் போட்டால் காரணம் பிடிபடும். இந்தப் பொம்மை உண்மை ஆளில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பதும், நிஜ வீரனை 36 மீட்டருக்கு அப்பால் பார்ப்பதும் ஒன்றுதான். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும், 60 செ.மீ. தொலைவில் அது வெறும் 0.17 மி.மீ. இரண்டு செ.மீ. அகலப் பொத்தான் பொம்மையில் 0.33 மி.மீ. ஆகிவிடுகிறது. பார்வையின் எல்லைக்குச் சற்று மேலேதான் அது. அதில் பாதிக்கும் சிறிய விவரங்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. துப்பாக்கிக் குழலை உண்மை விகிதத்தில் வார்த்தால் அரை மி.மீ. அளவுக்குத்தான் வரும், தொட்டால் ஒடியும். அதனால் பொம்மையைச் செதுக்குகிறவரே குழலைத் தடியாக்கி, தலையையும் கைகளையும் ஊதிப் பெரிதாக்கிவிடுகிறார். பொய் தூரிகைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அடுத்தது பரப்பு. ஒரே நிறம் சிறிய பரப்பில் இருண்டும் மங்கியும் தெரியும். வண்ண அட்டையின் சிறு கட்டத்தைப் பார்த்துத் தேர்ந்த பெயிண்ட், சுவர் முழுக்க அடித்ததும் பளீரென்று அடிப்பது இதனால்தான். வெளிச்சமும் வேறு. வெயிலில் நிற்கும் ஆளின் சட்டை மடிப்புகளில் நிழல் அழுத்தமாக விழும். அறைக்குள்ளோ விளக்கிலிருந்தும் கூரையிலிருந்தும் சுவர்களிலிருந்தும் ஒளி வந்து நிழலைக் கரைத்துவிடுகிறது. ஆகவே தீட்டுகிறவர் துணியின் நிறத்தோடு, அதன்மேல் விழுந்திருக்க வேண்டிய வெயிலையும் சேர்த்துத் தீட்ட வேண்டும்.

நம் சிவப்புக் கோட்டுக்காரனுக்கே வருவோம். வண்ணம் ஒட்டிப்பிடிக்க முதலில் பூசும் பிரைமர் காய்ந்ததும் அடர்சிவப்பு. அதன்மேல் 'வாஷ்' எனப்படும், நீர்த்துப்போன பழுப்பு வண்ணம். பரப்பு இழுவிசையின் உதவியால் அது மேடுகளைவிட்டு வழிந்து மடிப்புகளில் தேங்கி, தானாகவே நிழலாகிறது. அளவு மிஞ்சினால் தட்டையான இடங்களில் குட்டையாகி, காய்ந்ததும் கறை வளையம் விடும். காபித் துளி காய்ந்தால் ஓரம் மட்டும் கருப்பதும் இதே இயற்பியல்தான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். விளிம்பில் நீர் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து பாயும் நீர், நிறத்துகள்களையும் ஓரத்துக்கு அடித்துச் செல்கிறது.

இனித் தோள், முழங்கை, மடிப்பின் முகடு ஆகியவற்றில் ஒளி ஏற்ற வேண்டும். சிவப்போடு வெள்ளையைக் கலக்கத்தான் கை போகும். ஆனால் வெள்ளை நிறமி எல்லா அலைநீளங்களையும் சிதறடிப்பதால் சிவப்பு வெளிறி, போர்வீரன் ரோஜா நிறக் கோட்டில் நிற்பான். ஆரஞ்சைக் கலந்தால் செறிவு அதிகம் குறையாமல் வெளிச்சம் கூடும். பிறகு மார்பின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகளின் இருபுறமும் மயிரிழை அளவில் கரும்பழுப்புக் கோடு. இருளும் ஒளியும் சந்திக்கும் எல்லையை நம் பார்வை நரம்புகள் மிகைப்படுத்திக் காட்டும் என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் எழுதினார். அந்தக் கோடு இந்த மிகையைத்தான் கறந்துகொள்கிறது. என் கணிப்பில், கண்ணில் கருமணி வரைய ஒரு மணி நேரம் செலவிடுவதைவிட இந்த ஒரு கோடு படைக்கு அதிகம் செய்யும்.

காலம் மாறினால் சிக்கலும் மாறுகிறது. சாதாரண ஆங்கிலேய வீரனின் கோட்டுக்குச் சாயம், மேடர் என்ற செடியின் வேர். நம் சோழமண்டலக் கரையின் சாயவேரில் உள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள்தான் அதிலும். வெயிலிலும் மழையிலும் அது செங்கல் நிறத்துக்கு இறங்கும். அதிகாரியின் கோட்டுக்குக் கள்ளிச்செடியில் வளரும் காச்சினீல் பூச்சியின் பளீர்ச் சிவப்பு. ஆகவே ஒரே படைப்பிரிவுக்கு இரண்டு சிவப்புகள் வேண்டும். பிரெஞ்சு நீலத்துக்கு அவுரி தேவை. கடல்வழிகள் பிரிட்டன் வசம் இருந்ததால் அது கிடைக்காமல், 1806-இல் நெப்போலியன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு ஆணையிட்டு, அடுத்த ஆண்டே கைவிட்டார்.

வெடிமருந்துப் புகை சூழ்ந்த களத்தில் தன் படையை அடையாளம் காண இந்தப் பகட்டு வேண்டியிருந்தது. 1884-இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து வந்தபின் பகட்டு ஆபத்தானது. இருந்தும் 1914-இல் பிரெஞ்சு வீரர்கள் சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனார்கள். 1915-இல்தான் வெளிர்நீலத்துக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போரின் காக்கியும் சாம்பலும்தான் தீட்டுவதற்குக் கடினமானவை. கண்ணில் படக்கூடாது என்றே தேர்ந்த நிறத்தைக் கண்ணில் படும்படி தீட்ட வேண்டும். நிற வேறுபாடு கைகொடுக்காத இடத்தில் வெளிச்ச வேறுபாடு ஒன்றே துணை: தோல்வாரை இருட்டாக்கி, பையை வெளிறச் செய்வார்கள்.

கடைசியில் மேட் வார்னிஷ். அதிலுள்ள நுண்ணிய சிலிக்காத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பை அடக்குகின்றன. ஸ்பிரே வார்னிஷின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர் படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தொடாமல், நீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுவதே மேல்.